திக்விரதமும் தேரிப் பயணமும்

இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. குணவிரதங்கள் எவையென எண்ணுவதில் நூலாசிரியர்களிடையே சிறு வேறுபாடு காணப்படினும், திக்விரதத்தை அவற்றுள் முதலாவதாக வைப்பது பெருவழக்கு. எட்டுத் திசையும் மேலும் கீழுமாகிய பத்துத் திக்குகளிலும் இந்த எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறை செய்துகொள்வதே இவ்விரதம். எல்லைக்குறியாக எவற்றைக் கொள்ளலாம் என்பதையும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறியுள்ளார். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைக் கணக்கு ஆகியன அவை. அந்நூலின் வழிநின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் குணவிரதங்களை இல்லறத்தார்க்கு எடுத்துரைக்கின்றது.

நம்மில் பலர் இளமையில் இவற்றை மனப்பாடம் செய்தவர்களே. ஆயினும், கப்பலேறிச் சென்ற பழங்கால வணிகர்க்கே திக்விரதம் வேண்டப்பட்டது, இரயிலும் விமானமும் வந்துவிட்ட நாளில் இதற்கு என்ன வேலை என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற தை மாதத்தில் பதினான்கு பேராகச் சென்று வந்த ஒரு பயணம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அதனைப் பாடமாகவே இங்கு எழுதுகின்றோம்.

நாங்கள் வாழ்வது திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டையில். தறியோசை ஓயாத ஊர். எல்லை என்ற சொல் இங்குள்ள முதியோர்க்குப் புதியதன்று. 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் இப்பகுதி ஆந்திர மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. உறங்கி எழுவதற்குள் மாநிலம் மாறிவிட்டதாக எங்கள் பெரியவர்கள் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

பயணப் பேச்சைத் தொடங்கியவர்கள் இளைஞர்கள். அவர்கள் விரும்பியது பாலைவனம். இராஜஸ்தானத்து ஜைசல்மேருக்குச் சென்று, மணல்மேட்டில் ஒட்டகமேறி, கூடாரத்தில் ஓரிரவு தங்கிவர வேண்டும் என்றனர். வெறும் கேளிக்கையென அதனைத் தள்ளிவிட இயலாது. 1156-இல் எழுந்த அக்கோட்டைக்குள் மஞ்சள் நிறக் கல்லால் ஆகிய ஜினாலயங்கள் உள்ளன. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி அங்கு அமைத்த ஞான பண்டாரத்தில் பழமையான ஓலைச்சுவடிகள் இன்றும் காக்கப்படுகின்றன. நம் நாட்டில் கரையானும் ஈரமும் தின்று தீர்த்த ஓலைகளை எண்ணும்போது, வறண்ட காற்று செய்த உபகாரம் புலப்படும். கோட்டைக்கு முன்பே தலைநகராயிருந்த லோத்ருவாவில் பார்சுவநாதர் ஆலயம் உள்ளது. சுவேதாம்பர மரபினவாயினும் இவை நாமும் கண்டு வணங்கத் தக்கவை.

எனினும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி, பன்னிரண்டு நாள் விடுமுறை, பெருஞ்செலவு. போதாக்குறைக்கு, ஒட்டகத்தின் மீது ஏறுவது குறித்து எங்கள் அத்தையார் ஒரு வினா எழுப்பினார். அறுபத்தெட்டு வயதான அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதலும் உணவு நீரைத் தடுத்தலும் அடங்கும். நாம் ஏறும் விலங்கு அன்று தண்ணீர் குடித்ததா, அதன் முதுகில் புண் உள்ளதா என்று கேட்டறிந்தே ஏற வேண்டும், கேட்பீர்களா என்றார். இளைஞர்களிடம் விடையில்லை.

அவரே மாற்றுவழியும் சொன்னார். தமிழகத்திலேயே மணற்குன்றுகள் இருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் அவற்றைத் தேரி என்பர். அம்மாவட்டத்திலேயே கழுகுமலையும் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து வரலாமே என்றார்.

தேரியைப் பாலைவனம் எனலாமா என்ற ஐயம் எழுதல் இயல்பு. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே புவியியலார் பொதுவாகப் பாலைவனம் என்பர். தூத்துக்குடிப் பகுதி அதனினும் இரு மடங்குக்கு மேல் மழை பெறுவது. ஆகவே இலக்கணப்படி அது பாலைவனமன்று. ஆனால் தமிழர் பாலையை மழையளவால் வரையறுத்ததே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் தந்த விளக்கம். பாலை என்பது நிரந்தரமான ஓரிடமன்று, நிலம் அடையும் ஒரு நிலை என்பதே அதன் கருத்து. தேரியில் காலை ஆறு மணிக்கு நின்றவர்க்கு அது காடு. நண்பகலில் நின்றவர்க்குப் பாலை.

அக்காப்பியத்தில் பாலை வழி நடந்தவர்களுள் ஒருவர் நம் கவுந்தியடிகள் என்பதையும் மறத்தல் ஆகாது. புகாரிலிருந்து மதுரை வரை கோவலனையும் கண்ணகியையும் உடனழைத்துச் சென்ற ஆர்யிகை அவர். சோலையிலும் வயல் வரப்பிலும் நடக்கையில் காலடியில் எவ்வெவ்வுயிர் நசுங்கக் கூடும் என்று அவர்களை முன்னதாகவே எச்சரிக்கின்றார். பகல் வெம்மையைக் கண்ணகி தாங்காள் என்பதால் நிலவொளியில் இரவில் செல்வோம் எனக் கோவலன் கேட்க, அதற்கும் இசைகின்றார். துணிவுப் பயணம் மேனாட்டார் புதிதாகக் கண்டது என்போர் அக்காதைகளை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம்.

கோவில்பட்டியில் காலையில் இரயிலை விட்டிறங்கினோம். சிறுவர்கள் முதல் வேலையாகக் கடலை மிட்டாய் வாங்கிச் சட்டைப் பைகளை நிரப்பிக்கொண்டனர். இதனைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகின்றோம், பின்னர் வரும். அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. கரிசல் நிலத்தின் நடுவே தனித்தெழுந்த பாறை. மலையில் ஒருபுறம், மேலிருந்து கீழாகக் குடைந்து முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட வெட்டுவான் கோயில். மற்றொருபுறம் நம் தீர்த்தங்கரர் திருமேனிகள்.

பாறையின் முகத்தில் வரிசை வரிசையாக ஏறத்தாழ 150 புடைப்புச் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் நூறளவில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலமாகிய கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இவை எழுந்தன. கொடி படர்ந்த மேனியராய் நிற்கும் பாகுபலியும் அவர்தம் இரு தங்கையரும், சிங்கத்துடனும் குழந்தைகளுடனும் அம்பிகை, கமடன் பாறையை ஓங்கி நிற்கத் தரணேந்திரன் படம் விரித்துக் காக்கும் பார்சுவநாதர் ஆகியோரை எல்லாரும் நின்று பார்ப்பர். எங்கள் அத்தையார் அவற்றை வணங்கியபின் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியது கீழேயுள்ள எழுத்துகளை.

இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்ற அளவிலேயே பல கல்வெட்டுகள் நின்றுவிடுகின்றன. அரசர் ஆணையோ மெய்க்கீர்த்தியோ அவற்றில் இல்லை. செய்வித்தவருள் துறவியர் உண்டு. தச்சர், குயவர், கொல்லர், உழவர் உண்டு. குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதே வியப்பு. கோட்டாறு என்ற பெயர் வருகின்றது. அது இன்றைய நாகர்கோவில். திருச்சாரணத்துக் குரத்திகள் என்று வருகின்றது. திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து கழுகுமலைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு இரண்டு காத தூரம் நடப்பினும் ஒரு வாரம் ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, வெயில் காயும் நிலத்தின் வழியே, பகலில் மட்டும், ஈரடிக்கு ஓரடி பார்த்து நடந்து அப்பெண்கள் வந்துள்ளனர்.

வேனில் வந்திறங்கிய எங்களுக்கு அந்த ஒற்றை வரியின் பாரம் முதலில் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். மறுநாள் மாலையில் விளங்கிற்று.

திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூர் சாலையைப் பிடித்தோம். இடையில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டிய முதுமக்கள் தாழிகளின் மேடு 114 ஏக்கர் பரப்புடையது. அங்கே ஒரு மணி நேரமே நின்றோம். அது தனிக் கட்டுரைக்குரிய இடம்.

தேரியைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில், சிறப்பாக ஆரல்வாய்மொழிக் கணவாயில், நெருக்குண்டு பாய்ந்து வருகின்றது. இன்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றே. அது பல்லாயிரம் ஆண்டுகளாக வாரியிறைத்த மணலே தேரிக் குன்றுகள். மணலின் ஒவ்வொரு துகளின் மேலும் இரும்புத் துரு மெல்லிய உறைபோலப் படிந்திருப்பதால் செந்நிறம். பெய்யும் மழை மேலே தங்குவதில்லை, மணல் வழியே இறங்கிவிடும். அதனாலேயே மேற்பரப்பு வறண்டும், தாழ்வான இடங்களில் நல்ல நீர்ச் சுனைகள் ஊறியும் இருக்கும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்று கோயிலே உண்டு, பெயரே சுனையைச் சொல்லும். இம்மணலில் கற்கால மாந்தர் சிறு கற்கருவிகளை விட்டுச் சென்றுள்ளனர். இராபர்ட் புரூஸ் பூட் சாயர்புரம் பகுதியில் இவற்றை முதலிற் கண்டார். சாய்னர், ஆல்ச்சின் என்னும் இருவர் 1956-இல் விரிவாக ஆய்ந்து எழுதினர். அத்தகைய கற்சில்லு கண்ணிற் பட்டாலும் எடுத்து வருதல் கூடாது. சட்டத்திற்காக மட்டுமன்று, கொடாததைக் கொள்ளுதல் திருடாமை அணுவிரதத்திற்கு மாறு.

மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக்குக் காயாமொழிக்கு அப்பால் ஒரு பனை வரிசையின் அருகே வேனை நிறுத்தினோம். அன்றைய மாலை உணவு வேனிலேயே இருந்தது. ஐந்து மணிக்குத் திரும்பி, கதிர் மறையுமுன் உண்பது எங்கள் திட்டம். உள்ளே நுழையுமுன் அத்தையார் எல்லாரையும் நிறுத்தினார். வாழ்நாள் எல்லைக்குள்ளேயே ஒரு நாளுக்கோ சில நாழிகைக்கோ மேலும் குறுக்கிக் கொள்வது தேசாவகாசிகம். இன்றைக்கு நமக்குக் கிழக்கே இப்பனை வரிசை, மேற்கே மூன்றாவது மணல்மேடு, காலம் ஐந்து மணி. ஒப்புக்கொள்கின்றீர்களா என்றார். விளையாட்டாகவே அனைவரும் ஒப்புக்கொண்டோம்.

மூன்றாவது மேட்டை அடைந்தபோது இளைஞர் இருவர் நான்காவது மேட்டின் உச்சியில் நின்று கையசைத்துக் கொண்டிருந்தனர். குரல் கொடுத்து அழைத்தனர். எல்லைக்கு வெளியே குரல் கொடுத்தலும் உருவைக் காட்டுதலும் தேசாவகாசிகத்தின் அதிசாரங்களே என்று அத்தையார் சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் சிரித்தோம். இன்னும் ஒரே ஒரு மேடுதானே என்று பெரியவர்களாகிய நாங்களே நடந்தோம். தவறு அங்கே தொடங்கிற்று. பிள்ளைகள் மேல் பழி போடுவது நேர்மையன்று.

அப்பால் சென்றபின் மணலெங்கும் குழியானைகளின் குழிகள். அவற்றை மிதியாதிருக்க எல்லாரும் தலை குனிந்து, காலடியை மட்டுமே நோக்கி நடந்தோம். ஈர்யா சமிதியைப் பின்பற்றுகின்றோம் என்ற நிறைவும் உள்ளத்தில் இருந்தது. தலை நிமிர்ந்தபோது மணி ஐந்தேகால். நான்கு புறமும் ஒரே செம்மணல், ஒரே வகைப் பனைகள். வந்த அடிச்சுவடுகளை மாலைக் காற்று பெரும்பாலும் துடைத்துவிட்டிருந்தது. கைப்பேசியின் வரைபடத்தில் நாங்கள் நின்ற இடம் நீலப் புள்ளியாகத் தெரிந்தது. வேன் நின்ற இடத்தைக் குறித்து வைக்கத்தான் ஒருவரும் நினைக்கவில்லை. ஓட்டுநரின் எண்ணும் எவரிடமும் இல்லை.

முப்பது நிமிடம் நடந்தபின், முன்பு கண்ட அதே உடைமரத்தின் அடியிலேயே வந்து நின்றோம். குழந்தையொன்று அழத் தொடங்கிற்று. அதனினும் பெரிய கவலை வேறொன்று. அத்தையார் நீரிழிவு நோயினர். மாத்திரை உட்கொண்டிருந்தார், உணவு வேனில் இருந்தது. கைகள் நடுங்க, நெற்றி வியர்க்க, மணலிலேயே அமர்ந்துவிட்டார். வடிகட்டிய நீர் ஒரு குப்பியில் பாதி எஞ்சியிருந்தது. நீர் மட்டும் அந்நிலைக்கு உதவாது என்பது நீரிழிவு உள்ள வீட்டார் அனைவர்க்கும் தெரியும். கதிரவன் அடிவானத்திற்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றான்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தன் கால்சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாளில் சுற்றிய கடலை மிட்டாயை எடுத்து நீட்டினான். முதல் நாள் கோவில்பட்டியில் வாங்கியது. வெல்லமும் கடலையும் கொண்டது, தேன் கலவாதது. கதிர் மறையுமுன் அவர் இரண்டு துண்டு உண்டார். சில நிமிடங்களில் நடுக்கம் தணிந்தது. விரதத்திற்கு இழுக்கு நேராமலும் உயிருக்கு இடர் நேராமலும் அன்று தப்பியது அச்சிறுவனால். எங்கள் அறிவால் அன்று.

கதிர் மறையும் வேளையில் ஆடுகளின் மணியோசை கேட்டது. முதியவர் ஒருவர் ஆடுகளை ஓட்டி வந்தார். வழி கேட்டோம். “மணல்ல தடத்த நம்பாதீங்க, ஐயா. அந்தா ஒத்தப் பனை மொட்டையா நிக்குல்லா, அதப் பாத்தே போங்க” என்றார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாரோ என்னவோ, ஆடுகளைத் திருப்பிவிட்டுத் தாமே உடன் வந்தார். வேனை அடைந்தபோது மணி ஏழு. நன்றாக இருட்டிவிட்டது.

வேனில் பதினான்கு பேருக்கான உணவு இருந்தது. பெரியவர் எவரும் உண்ணவில்லை. சிறு குழந்தைகள் இருவர்க்கும் கொடுத்தோம். கொடுத்திருக்கலாகாது என்று எங்களுள் ஒரு சாரார் பின்னர் வாதிட்டனர். விரதம் ஏற்காத குழந்தையை அதன் பெயரால் பசியில் வாட்டுதல் முறையன்று என்பது எங்கள் கருத்து. எஞ்சிய உணவை அம்முதியவர் தம் வீட்டாருக்காகப் பெற்றுக்கொண்டார். பணத்தை வாங்க மறுத்துவிட்டார். அத்தையாரை அன்றிரவே திருச்செந்தூரில் மருத்துவரிடம் காட்டினோம். இடரொன்றும் இல்லை.

தங்குமிடத்தில் அன்றிரவு உறக்கம் வராமல், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினோம். திக்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் அங்கே கூறப்படுகின்றன. மேல்நோக்கி எல்லை கடத்தல், கீழ்நோக்கிக் கடத்தல், குறுக்காகக் கடத்தல், பரப்பைக் கூட்டிக்கொள்ளுதல், எல்லையை நினைவிலிருந்து நழுவவிடுதல். மலையேற்றத்தில் முதலாவது, குகையிலும் கிணற்றிலும் இரண்டாவது, சமவெளியில் மூன்றாவது. இன்னும் ஒரே ஒரு மேடு என்றோமே, அது நான்காவது. நீலப் புள்ளியை வைத்துக்கொண்டு வேன் நின்ற இடத்தை மறந்தோமே, அது ஐந்தாவது. மறதியைக் குற்றங்களுள் ஒன்றாக ஏன் வைத்தனர் என்று இளமையில் வியந்ததுண்டு. வேண்டுமென்றே செய்வது குற்றம், மறப்பது எவ்வாறு குற்றமாகும் என்று கேட்டதுமுண்டு. தேரியில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் ஐயம் தீர்ந்தது. எல்லையை வேண்டுமென்றே மீறியவன் திரும்பும் வழியை அறிவான். மறந்தவன் அறியான்.

ஈர்யா சமிதியையும் நாங்கள் பாதியே அறிந்திருந்தோம். நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழம், முன்னே நோக்கி நடத்தல் என்பதே நெறி. காலடியையே நோக்குதல் அன்று. நின்று, தலை நிமிர்ந்து, சுற்றும் பார்த்து, மீண்டும் நடத்தல் வேண்டும் என்று அத்தையார் மறுநாள் பிள்ளைகளுக்கு விளக்கினார். குரத்தியர் ஒரு வாரம் நடந்து கழுகுமலை சேர்ந்தது அவ்வாறு நடந்ததால்தான் என்றார். ஊர் திரும்பும் வழியில், மீண்டும் ஒருமுறை மலையேறி அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் கையசைத்த அதே இளைஞர்கள். இரயிலுக்கு நேரமிருந்தது, சென்றோம். இம்முறை அவர்கள் படம் எடுக்கவில்லை. எழுத்துகளை ஒரு குறிப்பேட்டில் பார்த்து எழுதிக்கொண்டனர்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். மார்கழி, தை, மாசி ஏற்ற மாதங்கள். ஆடியில் மணற்காற்று கண்ணைத் திறக்க விடாது. தேரியில் காலையில் நடத்தலே நன்று, மாலையில் நடந்தால் இரவுணவு விலக்கும் இருளும் ஒருசேர நெருக்கும். உணவை வண்டியில் விட்டுச் செல்லாதீர். தலைக்கு இரண்டு குப்பி வடிகட்டிய நீர் வேண்டும். உள்ளூரார் ஒருவரைத் துணைக்கு அழைத்து, உரிய கூலியை முன்னதாகவே பேசிக் கொள்ளுக. எல்லையையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுத்துச் செல்லுக.

வரும் தையில் சிதறாலிலிருந்து கழுகுமலை வரை நடந்தே செல்ல இளைஞர் நால்வர் இசைவு கேட்டிருக்கின்றனர். நாளொன்றுக்கு எவ்வளவு தூரம், இரவில் எங்கே தங்குவது, எங்கே நீர் கிடைக்கும், எந்த இடத்திற்கு மேல் செல்வதில்லை என்பவற்றை எழுதித் தருமாறு அத்தையார் அவர்களிடம் கேட்டார். மூன்று பக்கம் எழுதி வந்தனர். நீர் கிடைக்கும் இடங்கள் அதில் விடுபட்டிருந்தன. திருத்தி எழுதப் போயிருக்கின்றனர்.